இரண்டு விடைத்தாளிலும் ஒரே தப்பு

எழுபத்தெட்டாம் வருஷம், இல்லாவிட்டால் எழுபத்தொன்பதாக இருக்கும். சங்கராந்தி லீவு முடிந்து பள்ளிக்கூடம் திறந்த வாரம் என்பது மட்டும் நன்றாக ஞாபகம் இருக்கிறது. எங்கள் குவார்ட்டர்ஸ் வாசலில் கரண்ட் கம்பி முழுக்கக் கிழிந்த காற்றாடிகள் தொங்கிக்கொண்டிருந்தன. ஹைதராபாத்தில் பாலாநகர் பக்கம் ஒரு மத்திய அரசுத் தொழிற்சாலையில் நான் அப்போது செக்யூரிட்டி இன்ஸ்பெக்டர். சொந்த ஊர் வேலூர் பக்கம். கல்யாணமான கையோடு வந்து சேர்ந்தவர்கள், அங்கேயே வேர் விட்டுவிட்டோம்.

என் வேலையே சந்தேகப்படுவதுதான். ஷிப்ட் முடிந்து வெளியே வருகிறவர்களின் டிபன் கேரியரைத் திறந்து பார்ப்பேன். அடித்தட்டைத் தட்டிப் பார்ப்பேன். சைக்கிள் சீட்டுக்கு அடியில் கை விடுவேன். செம்புக் கம்பி, பித்தளைத் துண்டு என்று எங்கெங்கோ ஒளித்துக் கொண்டுபோவார்கள். வருஷக்கணக்கில் இதையே செய்ததில், யார் சிரித்தாலும் ஏன் சிரிக்கிறான் என்று யோசிக்கிற புத்தி வந்துவிட்டது. வீட்டுக்கு வந்தும் அது போகாது. "அந்தத் தொப்பியோட இந்தப் பார்வையையும் கழட்டி வெச்சிட்டு உள்ள வாங்க"ன்னு என் மனைவி சொல்லுவாள்.

எங்களுக்கு ஒரே பெண். அப்போது அஞ்சாம் கிளாஸ். போவன்பள்ளியில் ஒரு இங்கிலீஷ் மீடியம் பள்ளியில் படித்தாள். படித்தாள் என்று சொல்வதே ஒரு பேச்சுக்குத்தான். புத்தகத்தைக் கையில் கொடுத்தால் ஒரு வரியைத் தாண்ட மாட்டாள். எழுத்து எல்லாம் ஓடுகிறது என்பாள். 'பி'க்கு 'டி' போடுவாள். எழுதினால் எல்லாம் காதில் விழுந்தபடிதான் எழுதுவாள். ரேங்க் கார்டு வரும்போதெல்லாம் வீட்டில் ஒரு துக்கம் மாதிரி இருக்கும்.

இன்னொரு பக்கம் பார்த்தால், தெருவில் இரண்டு பேர் தெலுங்கில் சண்டை போட்டால், அதை அப்படியே அவரவர் குரலில் வந்து ஒப்பிப்பாள். ரேடியோவில் கேட்ட செய்தியை ஒரு வார்த்தை விடாமல் சொல்லுவாள். கண்ணை மூடிக்கொண்டு, வருவது செகந்திராபாத் பஸ்ஸா ஜீடிமெட்லா பஸ்ஸா என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவாள். எங்கள் இரண்டு பேருக்கும் இதெல்லாம் ஒரு அறிவு என்றே தோன்றவில்லை. வாய் என்றுதான் நினைத்தோம். உட்கார வைத்தால் உட்கார மாட்டாள். எதையாவது கேட்டுக்கொண்டே வீட்டுக்குள் சுற்றிச் சுற்றி நடப்பாள். "ஒரு எடத்துல குந்துடி"ன்னு சொல்லிச் சொல்லி எங்களுக்குத்தான் வாய் வலித்தது.

அந்த வாரம் அரைப் பரீட்சை மார்க் வந்தது. மற்ற பாடமெல்லாம் வழக்கம்போல. பூகோளத்தில் மட்டும் வகுப்பில் இரண்டாவது.

மனைவி உடனே அடுப்பில் ரவை வறுக்க ஆரம்பித்துவிட்டாள், கேசரி கிண்ட. நான் ரேங்க் கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். மார்க்கைத் திருத்தியிருக்கிறாளா என்று வெளிச்சத்தில் பிடித்துக்கூடப் பார்த்தேன். திருத்தவில்லை.

"பரீட்சையில உன் பக்கத்துல யாரு?" என்றேன்.

பெண் அம்மாவைப் பார்த்தாள். மனைவி கரண்டியோடு வெளியே வந்தாள். "கொழந்த மார்க் வாங்கிட்டு வந்திருக்கா. இது என்ன உங்க ஃபேக்டரி கேட்டா?"

கேசரியை யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

மறுநாளே பள்ளியிலிருந்து வரச்சொல்லி ஆள் வந்தது. நினைத்தது சரிதான் என்று தோன்றியபோது வருகிற சந்தோஷம் இருக்கிறதே, அது கூட வரவில்லை.

தலைமை ஆசிரியைதான் அந்த வகுப்புக்குப் பூகோளம் எடுத்தார். கண்டிப்பானவர். வெள்ளைப் புடவை, மேசையில் ஒரு மணி. நான் உள்ளே போனபோது அங்கே ஏற்கெனவே ஒருவர் உட்கார்ந்திருந்தார். எங்கள் தொழிற்சாலை நிர்வாகப் பிரிவில் பெரிய அதிகாரி. வடக்கத்திக்காரர். என் ஃபைல் அவர் மேசை வழியாகத்தான் போகும். என்னை அறியாமல் விறைப்பாக நின்றுவிட்டேன்.

தலைமை ஆசிரியை இரண்டு விடைத்தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒன்று என் பெண்ணுடையது. இன்னொன்று அந்த அதிகாரியின் மகளுடையது. எப்போதும் முதல் ரேங்க் வாங்குகிற பெண்.

"டெக்கான் பிளேட்டோ, நாம எல்லாரும் வாழற பீடபூமி. அதை உங்க பொண்ணு எப்படி எழுதியிருக்கா பாருங்க" என்றார்.

பார்த்தேன். 'பிளேட்டோ' என்ற வார்த்தையை, விளையாட்டுக்கு எழுதுகிற 'ப்ளே'யையும் கால்விரலுக்கு எழுதுகிற 'டோ'வையும் ஒட்ட வைத்து எழுதியிருந்தாள். தீவுக்கு 'ஐலேண்ட்' என்று எழுத வேண்டிய இடத்தில், கண்ணுக்குரிய 'ஐ'. பதில் என்னவோ சரியாகத்தான் இருந்தது. எழுத்துத்தான் அப்படி.

"இப்ப இதைப் பாருங்க." மற்ற தாளிலும் அதே இடத்தில் அதே விளையாட்டு, அதே கால்விரல். "சரியான பதில் ரெண்டு பேருக்கு ஒண்ணா வரலாம். இப்படி ஒரு தப்பு ரெண்டு பேருக்கு ஒண்ணா வருமா? ஒருத்தி முதல் ரேங்க். அவசரத்துல ஏதோ தப்பா எழுதியிருக்கா. இன்னொருத்தி போன பரீட்சையில பாஸே ஆகல. யார் யாரைப் பார்த்து எழுதினாங்கன்னு நான் சொல்லணுமா?"

அதிகாரிதான் பெருந்தன்மையாகக் கையை ஆட்டினார். "விடுங்க மேடம். சின்னப் பொண்ணு. இன்ஸ்பெக்டர் வீட்டுல கண்டிச்சு வைப்பார்."

"கண்டிச்சா மட்டும் போதாது. திங்கட்கிழமை அசெம்பிளியில எல்லார் முன்னாடியும் மன்னிப்புக் கேட்கணும். இல்லேன்னா டி.சி. வாங்கிக்குங்க."

வெளியே வந்ததும் அந்த அதிகாரி என் தோளைத் தட்டிவிட்டு ஸ்கூட்டரில் ஏறிப் போனார். அந்தத் தட்டுதான் எனக்கு ரொம்ப நேரம் உறுத்திக்கொண்டிருந்தது. எத்தனையோ பேரை கேட்டில் பிடித்திருக்கிறேன். மாட்டிக்கொண்டவனின் தோளைத் தட்டிக் கொடுக்கிறவன் யாரையும் நான் நம்பியதில்லை.

வீட்டுக்கு வந்து பெண்ணை எதிரில் நிறுத்தினேன்.

"நேனு காப்பி கொட்டலேது, நான்னா" என்றாள். பயந்தால் அவளுக்குத் தெலுங்குதான் வரும்.

"தமிழ்ல சொல்லு."

"நான் பாத்து எழுதல அப்பா."

"அப்ப பிளேட்டோன்னா என்னன்னு சொல்லு."

சொன்னாள். நடந்துகொண்டே சொன்னாள். மேலே மட்டமாக இருக்கிற மேடு, ஓரத்தில் சரிந்து இறங்கும், கிருஷ்ணா எங்கிருந்து வருகிறது, எந்தப் பக்கம் போகிறது, ஏன் அந்தப் பக்கம் போகிறது என்று கையைச் சாய்த்துச் சாய்த்துக் காட்டினாள். அந்தப் பாடத்தில் எனக்கே தெரியாததெல்லாம் அவளுக்குத் தெரிந்திருந்தது.

"யாரு சொல்லிக் குடுத்தா?"

டக்கென்று நின்றுவிட்டாள். எத்தனை கேட்டும் வாயே திறக்கவில்லை. அதட்டினேன். அழுதாள்.

மனைவி என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். "அவ பொய் சொன்னா மூக்கைத் தேய்ப்பா. இப்பத் தேய்க்கல. நீங்க ஊருல இருக்கறவன் கேரியரையெல்லாம் தொறந்து பாக்கறீங்கல்ல? உங்க பொண்ணு விஷயத்துல மட்டும் அந்தம்மா சொன்னதை அப்படியே கேட்டுக்கிட்டு வந்திருக்கீங்க."

அது சுருக்கென்று தைத்தது. கேட்டில் நான் கற்றுக்கொண்ட பாடம் ஒன்று உண்டு. ஒருவன் பையில் பித்தளைத் துண்டு கிடைத்தால் அவன்தான் திருடன் என்று எடுத்த எடுப்பில் எழுதிவிடக் கூடாது. பொருள் எங்கே கிளம்பியது, யார் கைக்கு யார் கொடுத்தார்கள் என்று பார்க்க வேண்டும். அதே மாதிரி உட்கார்ந்து யோசித்தேன். புத்தகத்தைக் கண்ணால் பார்த்துப் படிக்கிற பெண் 'ப்ளே', 'டோ' என்று எழுதுவாளா? முடியாது. புத்தகத்தில் அந்த வார்த்தை வேறு மாதிரி அச்சடித்திருக்கிறது. அந்த வார்த்தையைக் காதால் மட்டுமே கேட்ட ஒரு பெண்தான் அப்படி எழுத முடியும். அந்தத் தப்பு என் வீட்டுத் தப்பு. அப்படியென்றால் அது என் பெண்ணின் தாளிலிருந்துதான் மற்ற தாளுக்குப் போயிருக்கிறது.

இது தோன்றியதும் சந்தேகம் மொத்தமும் மறுபக்கம் திரும்பியது. முதல் ரேங்க் பெண்தான் பார்த்து எழுதியிருக்கிறாள். அவள் அப்பாவுக்குத் தெரியுமா? தெரிந்துதான் அவ்வளவு பெருந்தன்மையா? தலைமை ஆசிரியைக்கும் தெரியுமா? பெரிய அதிகாரி மகள் என்று என் பெண்ணின் தலையில் கட்டுகிறார்களா? என் பெண் ஏன் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறாள்? அந்தப் பெண் மிரட்டி வைத்திருக்கிறாளா? யோசிக்க யோசிக்க எல்லோருமே ஒரு கூட்டாகத் தெரிந்தார்கள்.

வெள்ளிக்கிழமை ஷிப்ட் மாற்றிக்கொண்டு, யூனிஃபார்ம் இல்லாமல் போவன்பள்ளிக்குப் போனேன். பள்ளிக்கு எதிரில் ஒரு இரானி ஹோட்டல். அங்கே டீயை வைத்துக்கொண்டு பள்ளி கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். மார்க்கெட்டிலிருந்து வருகிற காய்கறி லாரிகள் நடுவில் மறைத்தன. எழுந்து காம்பவுண்டு சுவர் ஓரமாகப் போய் நின்றேன். மதியச் சாப்பாட்டு மணி அடித்தது.

"கைக்கு கடே இதர்? கோன் ஹோனா?"

பள்ளி வாட்ச்மேன். எதுக்கு இங்கே நிற்கிறாய், யார் வேண்டும் என்று கம்போடு கேட்டார். பிள்ளை பிடிக்கிறவன் என்று நினைத்திருக்கிறார். வாழ்க்கையில் முதல் தடவையாக அந்தப் பார்வையை எதிர்ப்பக்கத்திலிருந்து வாங்கினேன். தப்பே செய்யாமல் நாக்குக் குழறியது. நானும் கேட்டில் நிற்கிறவன்தான், என் பெண் இங்கேதான் படிக்கிறாள் என்று சொல்லி, அடையாள அட்டையைக் காட்டினேன். அட்டையை வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, என் முகத்தையும் ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் உள்ளே விட்டார். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

பின்பக்கம் புது வகுப்பறை கட்டிக்கொண்டிருந்தார்கள். மணல் குவித்துப் போட்டிருந்தது. ஜல்லிக் குவியலுக்கு இந்தப் பக்கமாக நின்றுகொண்டேன்.

மணலுக்குப் பக்கத்தில் ஒரு கல்லில் அந்த அதிகாரியின் மகள் உட்கார்ந்திருந்தாள். மடியில் புத்தகம். இங்கிலீஷில் படபடவென்று வாசித்தாள். அப்படி ஒரு வாசிப்பை நான் பெரியவர்களிடம்கூடக் கேட்டதில்லை. ஒரு தடங்கல் இல்லை. என் பெண் அவளைச் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டிருந்தாள். வாயில் ஒரு புளிப்பு மிட்டாய். இரண்டு பத்தி முடிந்ததும் கை நீட்டி நிறுத்தினாள்.

"போதும், போதும். இப்பப் பாரு" என்று ஹிந்தியில் சொல்லிவிட்டு மணலில் மண்டி போட்டாள். இரண்டு கையாலும் அணைத்து ஒரு மலை. நடுவில் விரலால் ஒரு ஆறு. வாட்டர் பாட்டிலிலிருந்து கொஞ்சம் தண்ணீர் ஊற்றினாள். தண்ணீர் மணலை அரித்துக்கொண்டு இறங்கியது. "மேல வேகமாப் போவுது பாரு. அதனால வெட்டுது. கீழ வந்தா மெதுவா ஆயிடுது. அதனால கொண்டுவந்ததை எல்லாம் கீழ போட்டுடுது. நீ படிச்சியே, அது இதுதான்."

அந்தப் பெண் புத்தகத்தை மூடிவிட்டுக் குனிந்து பார்த்தாள். "நான் படிச்சேனா? இதையா?"

"ஹவ், ஆமா. இப்பத்தானே படிச்சே!"

"படிக்கும்போது எனக்கு ஒண்ணுமே தெரியல. இன்னொரு வாட்டி ஊத்து."

மறுபடி ஊற்றினாள். இந்தத் தடவை அந்தப் பெண் தன் விரலை ஆற்றுக்கு நடுவில் வைத்தாள். தண்ணீர் விரலைச் சுற்றிக்கொண்டு இரண்டாகப் பிரிந்து போனது. இரண்டு பேரும் சிரித்தார்கள்.

ஒருத்திக்கு எழுத்து வசப்படும், அர்த்தம் தங்காது. இன்னொருத்திக்குக் காதும் கையும்தான் எல்லாம், எழுத்து ஓடிவிடும். பெரியவர்கள் யாரும் சொல்லித் தராமல், சாப்பாட்டு நேரத்தில் இரண்டும் தங்களுக்குள் ஒரு பள்ளிக்கூடம் நடத்திக்கொண்டிருந்தன.

ஆனாலும் என் புத்தி விடவில்லை. பரீட்சையில் நடந்தது என்ன என்று தெரிந்தாக வேண்டும். முன்னால் போய் நின்றேன்.

அந்தப் பெண் என்னைப் பார்த்ததும் புத்தகத்தைக் கீழே போட்டுவிட்டாள். "அங்கிள், டாடிகிட்ட சொல்லாதீங்க. முதல் ரேங்க் வரலேன்னா டாடி அடிப்பார். பரீட்சையில எனக்குப் பக்கம் பக்கமா ஞாபகம் வரும், அன்னைக்கு ஒண்ணும் வரல. அதான்..." மேலே பேச முடியாமல் விக்கினாள்.

என் பெண் அவளுக்கு முன்னால் வந்து நின்றாள். "அவளாப் பாக்கல அப்பா. நான்தான் பேப்பரைச் சாச்சு வெச்சேன். அவ தினமும் எனக்குப் படிச்சுக் காட்டறா. நான் இதைக்கூடச் செய்யக் கூடாதா?"

"அப்ப ஏண்டி வீட்டுல சொல்லல?"

"சொன்னா அவளுக்குத்தானே அடி விழும்."

பார்த்து எழுதியது தப்பு. காட்டியதும் தப்பு. உள்ளதைச் சொன்னால் அந்தக் குழந்தைக்கு வீட்டில் அடி, எனக்கு ஆபீஸில் என்ன நடக்குமோ. சொல்லாவிட்டால் திங்கட்கிழமை என் பெண் பள்ளிக்கூடம் மொத்தத்துக்கும் முன்னால் நின்று, செய்யாத தப்புக்கு மன்னிப்புக் கேட்க வேண்டும். பார்த்து எழுதித்தான் பாஸானாள் என்ற பேர் அந்தப் பள்ளியில் கடைசி வரைக்கும் ஒட்டிக்கொள்ளும். அதுக்கப்புறம் அவள் எதையுமே கற்றுக்கொள்ள மாட்டாள் என்று மட்டும் எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

இரண்டு பேரையும் அங்கேயே இருக்கச் சொல்லிவிட்டு நேராகத் தலைமை ஆசிரியை அறைக்குப் போனேன். யார் பார்த்து எழுதினார்கள் என்ற பேச்சையே எடுக்கவில்லை.

"மேடம், ரெண்டு பேரும் மணல்கிட்ட இருக்காங்க. நீங்க கொஞ்சம் வந்து பாக்கணும்" என்றேன்.

"எதுக்கு?"

"வந்தாத்தான் தெரியும்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்களே சொல்லிக் குடுத்துத் தயார் பண்ணி வெச்சிருக்கீங்க. நாடகமா?"

அந்தச் சந்தேகம் எனக்குப் புரிந்தது. அவர் இடத்தில் நான் இருந்தால் நானும் அதைத்தான் கேட்டிருப்பேன். "நீங்க இன்னும் நடத்தாத பாடத்தை எடுத்துக்கிட்டு வாங்க. எந்தப் பாடம்னு எனக்குக்கூடச் சொல்ல வேண்டாம்" என்றேன்.

அது அவருக்குப் பிடித்திருக்க வேண்டும். அலமாரியைத் திறந்து ஆறாம் கிளாஸ் புத்தகம் ஒன்றை எடுத்துக்கொண்டு வந்தார்.

பாலைவனம் பற்றிய பாடம். மணல்மேடுகள் எப்படி உண்டாகின்றன, காற்று அவற்றை எப்படி நகர்த்துகிறது என்று இருந்தது. அந்தப் பெண் நடுங்கிக்கொண்டே வாசிக்க ஆரம்பித்தாள். இரண்டு வரி போனதும் குரல் தானாக ஓட ஆரம்பித்துவிட்டது. என் பெண் சுற்றி நடக்க ஆரம்பித்தாள். "நில்லு. ஒழுங்கா நின்னு கேளு" என்றார் தலைமை ஆசிரியை. நின்றாள். வாசிப்பு தொடர்ந்தது. என் பெண்ணின் முகத்தில் ஒன்றுமே இல்லை. அடுத்த வரி, அதற்கடுத்த வரி.

"மேடம், அவளை நடக்க விடுங்க. தயவு செஞ்சு" என்றேன்.

அவர் சரி என்று தலையை ஆட்டினார். வாசிப்பு முதலிலிருந்து தொடங்கியது. நடந்தாள். முடிந்ததும் மணலில் உட்கார்ந்தாள். குவித்தாள். குனிந்து ஒரு பக்கமிருந்து ஊதினாள். மணல் கொஞ்சம் கொஞ்சமாக மேலேறி மறுபக்கம் சரிந்தது. "காத்து வர்ற பக்கம் சாய்வா இருக்கும் மிஸ். இந்தப் பக்கம் செங்குத்தா விழும். இப்படியே விழுந்து விழுந்து மேடே நகந்து போயிடும். ஒரு ஊருக்கே மேல ஏறிடுமாம்." தலைமை ஆசிரியை குறுக்கே கேட்ட கேள்வி எல்லாவற்றுக்கும் பதில் வந்தது. ஒன்றுக்கு மட்டும், "அது அவ படிக்கவே இல்லையே மிஸ்" என்றாள். புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார். உண்மைதான், அது அடுத்த பக்கத்தில் இருந்தது.

பிறகு அந்தப் பெண்ணிடம் திரும்பி, புத்தகத்தை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். "இப்ப நீ சொல்லு."

அந்தப் பெண் கண்ணை மூடிக்கொண்டாள். புத்தகத்தின் முதல் வரியை அப்படியே சொன்னாள். இரண்டாவது வரியில் அறுந்துவிட்டது. என் பெண் ஒன்றும் சொல்லாமல் அவள் கையைப் பிடித்து மணல்மேட்டில் வைத்தாள். அந்தப் பெண் விரலால் சாய்வைத் தடவிக்கொண்டே, திக்கித் திக்கி, தன் சொந்த வார்த்தையில் சொல்ல ஆரம்பித்தாள். புத்தகத்தில் இருப்பது மாதிரி அழகாக இல்லை. ஆனால் முழுசாகச் சொன்னாள்.

தலைமை ஆசிரியை மணலையும் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் புத்திசாலி. யார் யாரைப் பார்த்து எழுதினார்கள் என்று நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"பரீட்சையில காட்டினதும் தப்பு, பாத்ததும் தப்பு. ரெண்டு பேருக்கும் மார்க்கைக் குறைக்கப் போறேன்" என்றார். அந்தப் பெண் அழ ஆரம்பித்தாள். அவள் தலையில் கையை வைத்து, "அசெம்பிளி எல்லாம் வேண்டாம். உங்க அப்பாகிட்ட நான் பேசறேன். உன்னை அடிக்கக் கூடாதுன்னும் சேத்துப் பேசறேன்" என்றார். போகும்போது என் பக்கம் திரும்பி, "இது எல்லாப் பிள்ளைக்கும் ஒத்து வரும்னு நான் ஒத்துக்கல. உங்க பொண்ணு எழுதவும் கத்துக்கத்தான் வேணும்" என்றார். அதில் எனக்கும் மறுப்பு இல்லை.

அதற்குப் பிறகு பூகோளத்துக்கும் சரித்திரத்துக்கும் என் பெண்ணுக்கு வாய்மொழியாகவும் கேள்வி கேட்டார்கள். கடைசி பெஞ்சுக்குப் பின்னால் நடந்துகொண்டே பாடம் கேட்க அனுமதி கிடைத்தது. மற்ற பிள்ளைகள் கொஞ்ச நாள் சிரித்தார்கள், அப்புறம் மறந்துவிட்டார்கள். எழுத்து அவளுக்குக் கடைசி வரை தகராறுதான். வீட்டில் என் மனைவி தட்டில் ரவையைப் பரப்பி, அதில் விரலால் எழுத வைத்தாள். அப்படித்தான் ஒவ்வொரு வார்த்தையாக வந்தது. சில வருஷம் பாஸ் ஆவதே பெரும்பாடாக இருந்தது.

ஆனால் எனக்கு அப்போது வேறு பயம். அந்த அதிகாரி. அடுத்த வாரம் முழுக்க கேட்டில் அவருடைய ஆபீஸ் கார் நுழையும்போதெல்லாம் என் கை சல்யூட்டுக்குப் போகும், மனசு டிரான்ஸ்ஃபர் ஆர்டரை எதிர்பார்க்கும். கண்ணாடியை இறக்கவே மாட்டார். கூப்பிட்டு அனுப்பவும் இல்லை. கூப்பிட்டுத் திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது. பின்னால் ஏதோ நடக்கிறது என்றே நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் குவார்ட்டர்ஸ் முன்னால் ஸ்கூட்டர் சத்தம். என் பெண் சத்தத்தைக் கேட்டே, "அவ அப்பா!" என்று வாசலுக்கு ஓடினாள். அவர்தான். பின்னால் மகள், கையில் புத்தகப் பை. இறங்கியதும் அந்தப் பெண் என்னைத் தாண்டி உள்ளே ஓடிவிட்டாள்.

"உள்ள வாங்க சார்" என்றேன்.

"பரவாயில்ல." ஸ்கூட்டரை விட்டு நகரவில்லை. முகத்தில் சிரிப்பும் இல்லை, கோபமும் இல்லை. "பள்ளிக்கூடத்துல மேடம் ஏதோ சொன்னாங்க. எனக்கு நம்பிக்கை இல்ல. மண்ணுல விளையாடினா படிப்பு வருமா, இன்ஸ்பெக்டர்?"

"எனக்கும் நம்பிக்கை இல்லாமத்தான் சார் இருந்துச்சு. போய் நின்னு பாத்தேன்."

உள்ளேயிருந்து படபடவென்று வாசிக்கிற குரல் வந்தது. கொஞ்ச நேரத்தில் அது நின்று, என் பெண்ணின் குரல் வந்தது. பிறகு இரண்டு பேரும் ஏதோ வாக்குவாதம் பண்ணினார்கள். அவர் மகளின் குரல்தான் ஓங்கி இருந்தது. வீட்டில் அவள் அப்படி எதிர்த்துப் பேசி அவர் கேட்டதே இல்லை போலிருக்கிறது. ஜன்னல் பக்கம் தலையைத் திருப்பினார். என் மனைவி டம்ளரில் காபி கொண்டுவந்து கொடுத்தாள். வேண்டாம் என்று சொல்லப் போனவர், வாங்கிக்கொண்டார். குடித்துக்கொண்டே மெதுவாக நகர்ந்து போய் ஜன்னல் ஓரத்தில் நின்றார். உள்ளே போகவில்லை. ஆனால் கிளம்பவும் இல்லை. காபி ஆறிப்போனது தெரியாமல் டம்ளரைப் பிடித்துக்கொண்டே நின்றார். அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் கொண்டுவந்து விட்டார்.

அவர் டெல்லிக்கு மாற்றலாகிப் போகும்வரை அந்த ஞாயிற்றுக்கிழமைகள் நடந்தன. மகளை அதற்குப் பிறகு அடித்தாரா இல்லையா என்று எனக்குத் தெரியாது. கேட்கிற துணிச்சல் எனக்கு வரவில்லை. அந்தப் பெண் முதல் ரேங்க்கை அதன் பிறகு சில தடவை வாங்கினாள், சில தடவை விட்டாள். விட்ட தடவைகளிலும் அவள் எங்கள் வீட்டுக்கு வருவது நிற்கவில்லை என்பது மட்டும் எனக்குத் தெரியும். என் பெண் இப்போது கோல்கொண்டாவில் டூரிஸ்ட் கைடாக இருக்கிறாள். வருகிறவர்கள் எந்த மொழியில் கேட்டாலும் அந்த மொழியில் பதில் சொல்கிறாள்.

நான் ரிட்டயர் ஆகி வெகுகாலம் ஆகிவிட்டது. ஆனாலும் ஒரு குழந்தைக்கு மண்டையில் ஏறவில்லை, மக்கு என்று யாராவது சொன்னால், பெற்றவர்களே சொன்னாலும் சரி, வாத்தியாரே சொன்னாலும் சரி, நான் உடனே நம்பிவிடுவதில்லை. அந்தக் குழந்தை தன் இஷ்டத்துக்கு விளையாடுகிற இடத்தில் போய்க் கொஞ்ச நேரம் சும்மா நின்று பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறக்கிறேன்.